அடுப்பை வைத்துவிட்டுக் கைகழுவாதீர்கள்: கால்வாய்ப் படகு கட்டுவோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகைக் கட்டுகிறவர்களுக்கு, அவற்றுக்கு உள்வேலை செய்கிறவர்களுக்கு, பழைய படகுகளை வாங்கி விற்கும் கரையோரப் படகுத் தளங்களுக்கு, தரகர்களுக்கு:

"சான்றிதழ் செல்லுபடியாகிறது. படகு பார்த்த நிலையிலேயே விற்கப்பட்டது. அடுப்பு குறித்து நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை." நீங்கள் விற்ற படகில் அடுப்பு தப்பாகப் பொருத்தப்பட்டு நச்சுவாயு கசிந்தது என்று நான் அனுப்பிய புகாருக்கு உங்களில் ஒருவர் போன மாதம் அனுப்பிய பதில் இவ்வளவுதான். சான்றிதழ் என்று அவர் சொன்னது படகுப் பாதுகாப்புச் சான்றிதழை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே பதிலை வேறு வேறு தளங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தவர்களைக் கரைப் பாதையில் பார்த்துவிட்டேன். அதனால் இது ஒரு கடையோடு எனக்குள்ள சண்டை இல்லை, உங்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட ஒரு வழக்கத்தின் மேல் புகார்.

ஆங்கிலத்திலும் இதை அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம், லண்டன் வாடகை தாங்காமல் "படகு வாங்கிடலாமா அக்கா?" என்று என்னைக் கேட்கிற நம் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். நீங்கள் சொல்லாததை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நானும் கணவரும் மகளும் கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நீளப் படகில் வசிக்கிறோம். அகலம் ஏழு அடிக்கும் குறைவு. முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு. அக்டோபரில் பற்ற வைத்தால் ஏப்ரல் வரை அது முழுக்க அணைவதே இல்லை. "படிச்சு முடிச்சு லண்டன் போயி கடைசியில கரி அள்ளுறியாடி" என்று அம்மா போனில் சிரிக்கிறாள். ஆமாம், அள்ளுகிறேன். வேறு வழியில்லை. கால்வாய்த் தண்ணீர் உறைகிற நாட்களில் எங்களைக் காப்பாற்றுவது அதுதான். உங்கள் விளம்பரங்களிலும் அதுதான் முதல் படம்: கனன்று எரியும் அடுப்பு, பக்கத்தில் ஒரு பூனை, "கதகதப்பான" என்று ஒரு சொல். படகை விற்க அடுப்பைத்தான் காட்டுகிறீர்கள். அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டால் மட்டும் அது உங்களுடையது இல்லை என்கிறீர்கள்.

ஜனவரியில், காற்றே இல்லாத ஒரு உறைபனி இரவில் எங்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுவாயு அது. புகை இல்லை. வாடை இல்லை. அடுப்புக் கதவு மூடித்தான் இருந்தது. தூங்கப் போகும்போது காற்றுவழியை ஒடுக்கிவிட்டு, புகையில்லாக் கரியை மெதுவாகக் கனிய விட்டிருந்தோம். எல்லாப் படகிலும் ராத்திரிக்கு அப்படித்தான் செய்வார்கள், அடுப்போடு வரும் கையேடும் அதைத்தான் சொல்கிறது. மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து நின்றோம். மருத்துவமனையில் எல்லோருக்கும் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அலாரம் நாங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டியது. படகோடு நீங்கள் தந்தது காலாவதி தேதி தாண்டிய ஒன்று.

மறுநாள் அடுப்பு ஆறியதும் உள்ளே டார்ச்சை வைத்துவிட்டு விளக்குகளை அணைத்தோம். அடுப்பின் தலையில் புகைக்குழாய் உட்காரும் வளையத்தைச் சுற்றி, பாதி வட்டத்துக்கு ஒரு ஒளிக்கோடு தெரிந்தது. அந்த மூட்டில் தீ தாங்கும் கயிறு சுற்றவே இல்லை. வெறும் ஃபயர் சிமென்டை வெளியே பூசி மெழுகியிருந்தார்கள். அது காய்ந்து வெடித்திருந்தது.

வெடித்ததற்குக் காரணம் அடுப்பின் காலடியில் இருந்தது. அடுப்பு தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்படவில்லை, சும்மா நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. குழாயின் மேல்முனையோ கூரையில் அசையாமல் இறுகியிருக்கிறது. படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டியான லாக்கின் சுவரில் படகு இடிக்காமல் போவதில்லை, எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும். ஒவ்வொரு இடிக்கும் அடுப்பு மயிரிழை நகரும், குழாய் நகராது. அந்த இழுபறி முழுவதையும் தாங்க வேண்டியது நடுவிலுள்ள மூட்டுதான். சிமென்ட் எத்தனை நாள் தாங்கும்? வீட்டில் அடுப்பு வைத்துப் பழகிய ஆளுக்கு இது தோன்றாமல் போகலாம், வீடு இடிபடுவதில்லை. படகிலேயே பிழைப்பு நடத்தும் உங்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

சரி, மூட்டைப் பார்த்தாயிற்று, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று கூரையில் குழாயைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தைக் கழற்றினோம். பளபளவென்று அழகான வளையம். அதற்கு மேலே, குழாயை ஒட்டி வெட்டிய பைன் பலகையின் விளிம்பு கன்னங்கரேலென்று கருகியிருந்தது. ஒற்றைச் சுவர்க் குழாய், அதற்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. அடுத்து அடுப்புக்குப் பின்னாலிருந்த டைல் ஒன்றைப் பெயர்த்தோம். டைலை நேராகப் ப்ளைவுட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ப்ளைவுட் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால், குளிர் தடுக்க இரும்புச் சுவரில் அடித்திருந்த மஞ்சள் ஸ்பிரே ஃபோம்.

டைல் ஒட்டிவிட்டால் மரத்துக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை உங்கள் தொழிலில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டைல் தீப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் சூட்டை நிறுத்தாது, பின்னாலிருக்கும் மரத்துக்கு அப்படியே கடத்திவிடும். புது மரம் பற்றிக்கொள்ளச் சுமார் 250 டிகிரி வெப்பமாவது வேண்டும். வருடக்கணக்காகச் சூடு வாங்கி வாங்கிக் கரியாகிக்கொண்டிருக்கும் மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் "இத்தனை குளிர்காலமாக ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இந்த விஷயத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. ஒன்றும் ஆகாமல் கழியும் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பலகையை இன்னும் கொஞ்சம் தயார் செய்துவிட்டுத்தான் போகிறது. பற்றிக்கொண்டால் அடுத்தது ஃபோம், அதன் புகை நஞ்சு. எங்கள் படகைப் போல அடுப்பு முன்கதவை ஒட்டி இருந்தால், இருக்கிற இரண்டு வாசல்களில் ஒன்று முதல் நிமிடத்திலேயே போய்விடும்.

எங்கள் ஊர் வீட்டில் நாள் முழுக்க விறகடுப்பு எரிந்தது. அலாரம் என்ற பேச்சே கிடையாது. ஓட்டுக் கூரையின் இடுக்கெல்லாம் புகை போகும் வழி, சமையலறைக்குக் கதவும் பாதி நேரம் திறந்தே கிடக்கும். இந்தக் கால்வாய்களில் சரக்கு ஏற்றிய பழைய படகுகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. பின்பக்கத்தில் பத்தடி நீள அறை, கதவோரம் சின்னக் கரியடுப்பு, அதிலேயே ஒரு குடும்பத்துக்குச் சமையல். ஓட்டுகிறவர் வாசலில் நிற்பதால் மேல்மூடி பகல் முழுக்கத் திறந்திருக்கும், பலகைச் சந்தெல்லாம் காற்று வரும். "அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்று நீங்கள் சொல்லும்போது அந்த ஓட்டைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது நீங்கள் விற்பது இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் ஃபோம் பூசிய சுவரும் ரப்பர் பட்டை வைத்த கதவும் உள்ள ஒரு இரும்புப் பெட்டி. அடுப்பு மட்டும் பழைய பழக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் புகையை மேலே இழுப்பதே பெரும் பாடு. வீட்டில் அடுப்புக்குமேல் 4.5 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி இருந்தால் நன்றாக இழுக்கும் என்பது இங்கே பொதுவான கணக்கு. படகில் உட்கூரை வரை உள்ள குழாயையும் வெளியே நீட்டிய துண்டையும் சேர்த்தால்கூட இரண்டு மீட்டர் தேறாது. பாலமும் சுரங்கமும் தாழ்வு, அதற்கு மேல் உயர்த்த வழியில்லை. அவ்வளவு குட்டையான குழாய் தன் சூட்டைக் காப்பாற்றிக்கொண்டால்தான் இழுக்கும். வெளியே நிற்கும் துண்டு ஒற்றைச் சுவராக இருந்தால் புகை அங்கேயே குளிர்ந்து, தார் படிந்து, வழி குறுகிக்கொண்டே வரும். உள்ளே குழாய்த் துண்டுகளைக் கோக்கும்போது மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் வழிகிற தார் குழாய்க்குள்ளேயே அடுப்புக்குத் திரும்பும். மாற்றிப் போட்டால் மூட்டு வழியாக வெளியே கசிந்து அடுப்பின்மேல் ஒழுகும். எங்கள் படகில் மாற்றித்தான் போட்டிருந்தது. அந்தக் கருப்புக் கறையைத் துடைக்கத்தான் அடுப்புப் பாலிஷ் ஒரு டப்பா அன்பளிப்பாகத் தந்தீர்கள் போலிருக்கிறது.

காற்றுத்துளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையில் காளான் மாதிரி நிற்கும் மூடிகளும் கதவின் கீழ்க் கம்பி வலைகளும் எதற்கு என்று வாங்குகிறவர்களுக்கு நீங்கள் சொல்லித்தருவதே இல்லை. அடுப்பு எரியக் காற்று வேண்டும், அது உள்ளே வந்தால்தான் புகை வெளியே போகும். சொல்லாததால் என்ன நடக்கிறது? முதல் பனி விழுந்ததும் குளிர்காற்று வருகிறதே என்று துளைகளில் பழைய காலுறையைத் திணிக்கிறார்கள். பல படகுகளில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சமையல் வாடை போக ஒரு மின்விசிறி வேறு மாட்டித் தருகிறீர்கள். துளை அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால், அடுப்புக் குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும், புகையோடு.

அடுப்பு ஒடுங்கி எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் உண்டாகிறது. அப்போதுதான் குழாயில் இழுவையும் குறைவு. இரண்டும் சேர்ந்து வருவது எல்லோரும் தூங்கும் நேரத்தில். ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று ஜலதோஷக் காய்ச்சல் மாதிரியே ஆரம்பிக்கும். விழித்திருப்பவர்களுக்கே பிடிபடாது, தூங்குகிறவர்களுக்கு எப்படிப் பிடிபடும்? 2013-இல் விண்டர்மியர் ஏரியில் ஒரு படகுக்குள் தாயும் மகளும் இந்த வாயுவால்தான் இறந்துபோனார்கள். அங்கே காரணம் அடுப்பு இல்லை, கைவேலையாக மாற்றியமைத்த ஒரு ஜெனரேட்டரின் புகைக்குழாய். ஆனால் "பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்ட ஒரு மூட்டு என்ன செய்யும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

இனி, நீங்கள் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சான்றிதழ்.

படகுப் பாதுகாப்புத் திட்டம் 1997-இலிருந்து இருக்கிறது. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டும் அரசின் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து அதை வைத்திருக்கின்றன. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார், அதில் தேறாமல் உரிமம் கிடைக்காது. 2019 ஏப்ரல் 1 முதல் தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்று கொண்டுவந்ததும் அந்தத் திட்டம்தான், அதற்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனை படகின் நிலையை முழுதாக ஆராயும் சர்வே அல்ல என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பார்கள், அந்த நாளின் நிலையைச் சொல்வார்கள். டைலைப் பெயர்க்க மாட்டார்கள், பித்தளை வளையத்தைக் கழற்ற மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை. அடுப்பு ஒழுங்காகப் பொருத்தப்பட்டது என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி ஆகாது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அதை எங்கள் கையில் கொடுத்து "எல்லாம் பார்த்தாயிற்று" என்று தலையில் கட்டுகிறீர்கள். புதுப் படகுகளின் கதை இன்னும் வேடிக்கை. விதிப்படி கட்டினோம் என்று உற்பத்தியாளரே தரும் இணக்க அறிக்கை இருந்தால் முதல் நான்கு வருடத்துக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. அந்த நான்கு குளிர்காலத்துக்கும் வாங்கினவருக்கு இருப்பது உங்கள் வாக்கு ஒன்றுதான்.

இங்கிலாந்தில் ஒரு வீட்டில் விறகடுப்பு வைத்தால் கட்டட விதிகள் வந்து நிற்கும். பதிவு பெற்றவர் பொருத்திச் சான்று தர வேண்டும், இல்லையென்றால் உள்ளாட்சிக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அடுப்பு நிற்கும் தீப்பிடிக்காத மேடை அடுப்புக் கதவுக்கு முன்னால் 225 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும், ஒற்றைச் சுவர்க் குழாய் எரியக்கூடிய பொருளிலிருந்து தன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. படகுக்கு அந்த விதிகள் செல்லாது. படகுக்கென்றே பிஎஸ் 8511 என்ற பிரிட்டிஷ் தர எண்ணோடு ஒரு நடைமுறை நெறி 2010-இல் வந்தது. சின்னப் படகுகளில் திட எரிபொருள் அடுப்பைப் பொருத்துவது பற்றி மட்டுமே பேசுகிற நெறி அது. சட்டமில்லை, அதனால் கட்டாயமில்லை. படிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். படகில் குடியிருக்கும் ஒருத்தி வாங்கிப் படிக்காமல் இருக்கலாம், அடுப்பு பொருத்திக் கூலி வாங்குகிறவர் படிக்காமல் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். எனக்குப் பதில் எழுதிய தளத்தில் போன் எடுத்தவருக்கு அந்த எண்ணே தெரிந்திருக்கவில்லை. "ஸ்பெல்லிங் சொல்லுங்கள்" என்றார். எண்ணுக்கு என்ன ஸ்பெல்லிங்?

இடமில்லை என்பீர்கள். ஏழடிப் படகில் அவ்வளவு தள்ளி வைத்தால் நடக்க வழி ஏது என்ற கேள்வி நியாயம்தான். அதற்குத்தான் காற்றிடைவெளி விட்ட மறைப்பு இருக்கிறது. ப்ளைவுட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, தீப்பிடிக்காத கால்சியம் சிலிகேட் பலகையைக் கீழும் மேலும் திறந்த இடைவெளியோடு நிறுத்தினால், உள்ளே போகிற காற்றே சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். எங்கள் படகில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அடுப்பு நகர்ந்தது உள்ளங்கை அகலம்கூட இல்லை. மூன்று மணி நேரம் கொழுந்துவிட்டு எரிந்தபிறகும் பலகைக்குப் பின்னால் கை வைக்க முடிகிறது.

செலவு என்பீர்கள். காப்பிட்ட இரட்டைச் சுவர்க் குழாய் சில நூறு பவுண்டு. தரைப்பிடிப்பு போல்ட்டுகள், கயிறு, பலகை, நல்ல வேலைக்காரர் கூலி எல்லாம் சேர்த்து நாங்கள் கொடுத்தது, படகு விலையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. கிரானைட் சமையல் மேடைக்கு அதைவிட அதிகமாகக் கேட்கிறீர்கள்.

வாங்குகிறவர்கள் எதை எரிக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் ஒருவர் கேட்டார். ஓரளவு உண்மை. 2021 மே முதல் இங்கிலாந்தில் ஈர விறகைச் சின்ன அளவில் விற்பதற்கும் பழைய வீட்டுக் கரியை மூட்டையில் விற்பதற்கும் தடை வந்துவிட்டது, இருந்தும் கரையோரம் வெட்டிப்போட்ட பச்சை மரத்தை எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் வாளியைக் கனல் ஆறாமல் உள்ளே வைப்பவர்களும் உண்டு, அந்தச் சாம்பலும் கார்பன் மோனாக்சைடு விடும். ஆனால் இதெல்லாம் சாவி கொடுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்த்திச் சொல்ல வேண்டிய விஷயம். கழிவறைத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று அரை மணி நேரம் விளக்கினீர்களே.

இன்னொன்று. லண்டனில் கரையில் இடமில்லாமல் படகோடு படகு ஒட்டிக் கட்டுகிறோம். என் புகைபோக்கியும் பக்கத்துப் படகின் காற்றுத்துளையும் கையெட்டும் தூரம். ஒரு படகின் கசிவு அந்த ஒரு குடும்பத்தோடு நின்றுவிடாது. "அவர்கள் இஷ்டப்பட்டு வாங்கினார்கள்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. எங்கள் படகு சரியாகிவிட்டது. நான் கேட்பது இவைதான்.

எனக்குப் பதில் எழுதிய தளத்துக்கு முதலில். எங்கள் படகுக்கு உள்வேலை செய்த அதே ஆள் வேறு எந்தெந்தப் படகில் அடுப்பு வைத்தார் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அவற்றை வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் அக்டோபருக்கு முன்னால் எழுதுங்கள். மூட்டையும் கூரை வளையத்தையும் பின்பலகையையும் பார்க்காமல் பற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் செலவில் ஆளனுப்பிப் பாருங்கள்.

படகு கட்டுகிறவர்களும் உள்வேலை செய்கிறவர்களும் இனி வைக்கும் ஒவ்வொரு அடுப்பையும் பிஎஸ் 8511 சொல்கிறபடி வையுங்கள், அப்படி வைத்ததாகக் கையெழுத்துப் போட்டுக் காகிதம் கொடுங்கள். டைல் ஒட்டி மூடுவதற்கு முன்னால் சுவரையும், வளையம் மாட்டுவதற்கு முன்னால் கூரை வெட்டையும் போட்டோ எடுத்து அதோடு சேருங்கள். நாளைக்கு வாங்குகிறவர் பெயர்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. படகில் அடுப்பு நகரும் என்பதை மறந்துவிட்டு யாரும் மூட்டைச் சிமென்டால் மட்டும் மூட வேண்டாம்: கயிறு சுற்றுங்கள், அடுப்பைத் தரையோடு இறுக்குங்கள்.

பழைய படகு விற்கும் தளங்களும் தரகர்களும், அடுப்பின் படத்தை விளம்பரத்தில் போடுவதானால், குழாயைச் சுத்தம் செய்து, புகை கிளப்பும் சோதனை மாத்திரையை எரித்துக் கசிவு பார்த்து, அந்த அறிக்கையையும் கூடவே போடுங்கள். அது உங்களால் முடியாது என்றால் படத்தை எடுத்துவிட்டு, அடுப்புக் கதவில் "பரிசோதிக்காமல் பற்ற வைக்காதீர்கள்" என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். அட்டையைப் பார்த்து விற்பனை குறையும் என்று பயந்தால், அந்தப் பயத்தைத் தீர்க்கும் வழி முதலில் சொன்ன பரிசோதனைதான். படகுக்கென்று தேறிய பிஎஸ் இஎன் 50291-2 முத்திரையுள்ள அலாரத்தை, தேதி தாண்டாத ஒன்றை, அடுப்பு இருக்கும் அறைக்கு ஒன்றும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்றுமாக மாட்டிக் கொடுங்கள். கூட ஒரு புகை அலாரமும்.

சான்றிதழ்த் திட்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுப்பின் பின்சுவரும் கூரை வெட்டும் இந்தப் பரிசோதனையில் பார்க்கப்படவில்லை என்ற ஒரு வரியைச் சான்றிதழின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். விற்பவர் அதைக் காட்டும்போதெல்லாம் அந்த வரியும் சேர்ந்தே கண்ணில் படட்டும்.

கடைசியாக, சாவி கொடுக்கும்போது வாங்குகிறவர் கையில் தர ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். காற்றுத்துளைகள் எங்கே, அவற்றை ஏன் அடைக்கக் கூடாது, அடுப்புக் கதவின் விளிம்பை அடைக்கும் கயிறு தளர்ந்துவிட்டதா என்று ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பது எப்படி, சாம்பலை எங்கே வைப்பது, அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எந்தத் தளம் கேட்டாலும் அனுப்புகிறேன். என் பெயரைப் போட வேண்டாம், உங்கள் பெயரிலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிராண்ட் யூனியன் கால்வாயில் குடியிருக்கும் ஒரு படகுக்காரி